சென்னையில் தொடக்கப்பள்ளி அறிவியல்: ஒரு வரலாற்று நோக்கு

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அறிவியலை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை நெடுங்காலமாகவே தெரிந்திருக்கிறது. பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அதனைப் பார்க்கவும் தொடவும் பிரிக்கவும் சேர்க்கவும் விடவேண்டும். தான் கண்டதைத் தன் தாய்மொழியில் தானே எடுத்துரைக்கும்படி செய்யவேண்டும். கல்வியியல் நூல்கள் பல நூறு பக்கங்களில் விரித்துரைப்பதன் சாரம் ஏறக்குறைய இவ்வளவே. ஆகவே வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய வினா வேறு. தெரிந்த வழி ஏன் நிலைபெறவில்லை? யாருடைய பிள்ளைகளுக்கு அது கிட்டியது? யாருடைய பிள்ளைகளுக்குக் கிட்டாமற் போயிற்று?

இவ்வினாவை ஆராய நாம் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. எழும்பூரிலிருந்து தேனாம்பேட்டை, மயிலாப்பூர் வழியாக அடையாற்றின் முகத்துவாரம்வரை உள்ள சில மைல் பரப்புக்குள், இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், குறிப்பிடத்தக்க முயற்சிகள் நான்கு நடந்தேறியுள்ளன. ஒன்று இங்கிருந்து புறப்பட்டு இங்கிலாந்தை ஆட்கொண்டது. மற்றொன்று இத்தாலியில் பிறந்து இங்கு வந்து முதிர்ச்சியடைந்தது. இவற்றைத் தனித்தனியே எழுதினோர் உளர். ஒருசேர வைத்து நோக்கினால் மட்டுமே புலப்படும் உண்மை ஒன்று உண்டு. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழும்பூர், 1789

ஆண்ட்ரூ பெல் 1753ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1787இல் அவர் சென்னையில் வந்திறங்கியபோது கொண்டுவந்த பொருள்களுள் இயற்கைத் தத்துவச் சோதனைக் கருவிகளும் இருந்தன. பௌதிகத்தை அக்காலத்தார் அப்பெயராலேயே வழங்கினர். அக்கருவிகளைக் கொண்டு நகரத்து ஐரோப்பியருக்கு அவர் கட்டணச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பல படைப்பிரிவுகளுக்கு ஒரே நேரத்தில் குருவாக நியமனம் பெற்றுப் பெரும்பொருளும் ஈட்டினார். இச்செய்தியை அவரைப் புகழ்ந்தெழுதியோர் சற்று அடக்கியே சொல்லுவர்.

1789இல் எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லம் தொடங்கப்பட்டபோது அதன் மேற்பார்வையைப் பெல் ஏற்றார். இப்பணிக்கு மட்டும் ஊதியம் வாங்க அவர் மறுத்துவிட்டார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் பெரும்பாலும் இந்நாட்டுத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அவ்வில்லத்தில் வளர்ந்தனர். ஆசிரியர்கள் சிலரே இருந்தனர், அவர்களும் ஊக்கமற்றவர்கள். ஒருநாள் காலை குதிரைமீது சென்ற பெல், ஒரு 'மலபார்ப் பள்ளி'யைக் கடந்து செல்ல நேர்ந்தது. தமிழரை ஆங்கிலேயர் மலபாரியர் என்று பிழையாக அழைத்த காலம் அது. ஆகவே அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளிக்கூடமே. அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாளும் மையும் வேண்டாத இம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த அவர் விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே படைவீரர் ஒருவரின் மகனாகிய ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாதென்று சொல்லப்பட்டதை அச்சிறுவன் செய்துகாட்டினான். அதுமுதல் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதே அவ்வில்லத்தின் முறையாயிற்று.

நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என ஒருவன் இருந்தான் என்பதை வாசகர் அறிவர். பெல் மணலை மட்டும் கடன் வாங்கினாரா, சட்டாம்பிள்ளையையும் சேர்த்தே வாங்கினாரா என்பது ஆராய்ச்சியாளர் வாதிடும் பொருள். மாணவரைக் கொண்டு கற்பிக்கும் முறை தம்முடைய கண்டுபிடிப்பே என்று பெல் உறுதியாகச் சொன்னார். நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. அந்த இல்லத்தில் மணலோடு சோதனைக் கருவிகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கையாளவும் பழகினர். 1792ஆம் ஆண்டுப் போரின் முடிவில் பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் இருவரும் 1794இல் தந்தையிடம் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்ற கேப்டன் டவ்டனின் தூதுக்குழுவில் எழும்பூர் இல்லத்தின் மாணவன் வில்லியம் ஸ்மித்தும் கருவிகளுடன் சென்றான். சுல்தானின் முன்னிலையில் இயற்கைத் தத்துவச் சோதனைகளை அவன் நடத்திக் காட்டினான். அநாதை இல்லத்துப் பிள்ளையொருவன் ஓர் அரசனுக்கு அறிவியல் கற்பித்த நிகழ்ச்சி, நாம் அறிந்தவரையில், நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் வேறில்லை.

1796இல் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டில் சென்னை இல்லத்தின் கல்விச் சோதனையைப்பற்றி இலண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் தேசியக் கழகம் தோன்றி, 'மதராஸ் முறை'யில் பல்லாயிரம் பள்ளிகளை நிறுவிற்று. 1832இல் இறந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் கல்லறை கிடைத்தது. ஆனால் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் பயணப்பட்டவை எவை? மணலும் சட்டாம்பிள்ளையும், அதாவது, செலவைக் குறைக்கும் இரண்டும். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பயிற்றலாம் என்பதே ஆதரவாளர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. வில்லியம் ஸ்மித்தின் கருவிகள் கப்பலேறவில்லை. ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவுமிக்க கல்வி வேண்டியதில்லை, எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும்கூடக் கற்பிக்க வேண்டியதில்லை என்று 1805ஆம் ஆண்டுப் பதிப்பில் பெல்லே எழுதினார். எழும்பூரில் தம் கண்முன் நடந்ததற்கு முற்றிலும் மாறாக அவர் எழுதியது நமக்கு வியப்பளிக்கிறது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க ஒருவர் அதே ஆண்டுகளில் தெற்கே தரங்கம்பாடியில் வாழ்ந்தார். லுத்தரன் அருட்தொண்டராகிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜாண் (1747-1813) கிளிஞ்சல்களையும் மீன்களையும் செடிகொடிகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயராகிய எரிக்ஸ் ஜானியை என்பதில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சாஸ்திரியார் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் உலகப் பூகோளமும், பூமி சூரியனைச் சுற்றிவரும் வானநூற் செய்தியும் குறத்தியின் வாக்கில் இடம்பெறுவதை நம் இறையியல் மாணவர் பலர் பக்திச் சுவையில் ஆழ்ந்து கவனியாது விடுகின்றனர். ஜாணிடம் பெல்லைப்போல் விலையுயர்ந்த கருவிகள் இல்லை, கடற்கரை இருந்தது. அறிவியல் தமிழ்ப் பாட்டுக்குள் புகுவதற்கு அது போதுமானதாயிற்று. எனினும் தரங்கம்பாடி வழியும் பரவவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணக் கல்வித்துறை, பிள்ளைகளின் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் வழங்கும் முறையைக் கைக்கொண்டது. வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் எத்தனை பேர் தேறினர் என்பதைப் பொறுத்து ஆசிரியரின் பிழைப்பு அமைந்தபோது, கிளிஞ்சலைக் கையில் எடுத்துப் பார்க்க எந்த ஆசிரியர் நேரம் ஒதுக்குவார்? நம் மிஷன் பள்ளிகளும் இம்மானியத்தை நம்பியே நடந்தன.

ஊரூர், 1894

அடையாற்றின் தென்கரையில் 1882ஆம் ஆண்டு பிரம்மஞான சங்கம் தன் தலைமையகத்தை அமைத்தது. அதன் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1894இல், அருகிலிருந்த ஊரூரில், அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட தலித் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் இடப்பட்டது.

ஆல்காட் கிறிஸ்தவத் திருப்பணிக்கு நண்பரல்லர். மிஷனெரிகளின் கைக்குத் தலித் மக்கள் போய்ச் சேராதிருக்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்று. இதனை மறைக்க வேண்டுவதில்லை. இதனாலேயே அப்பள்ளிகளைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டுவதில்லை. அயோத்திதாச பண்டிதர் 1898இல் ஆல்காட்டை நாடிச் சென்றதும் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் இந்தச் சூழலில் நிகழ்ந்தவையே.

அப்பள்ளிகளின் சிறப்பு கற்பிக்கும் முறையில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர் அம்மையாரும், அவரையடுத்துப் பொறுப்பேற்ற கோர்ட்ரைட் அம்மையாரும் ஃப்ரோபெலின் கிண்டர்கார்ட்டன் முறையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கேற்ப அமைத்தனர். கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் அம்முறையை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். விதை, இலை, களிமண், கல் ஆகியவற்றைக் கொண்டு நடத்தும் வகுப்பைப் பொருட்பாடம் என்று அந்நாளில் அழைத்தனர். பாட்டும் கைவேலையும் அபிநய விளையாட்டும் அதனோடு இணைந்தன. சாதி இந்துக்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளிகள் பலவற்றில் நெட்டுருவே கல்வியாயிருந்த காலத்தில், நகரத்தின் விளிம்பில் சேரிப் பிள்ளைகள் செடியை நட்டு அது வளர்வதைப் பார்த்துக் கற்றனர். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு நகரின் சிறந்த கற்பித்தல் முறை முதலில் கிடைத்தது இந்த ஒரு முறைதான்.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. தாய்மொழியில் எழுதப் படிக்கவும், கணக்குப் பார்க்கவும், ஐரோப்பியர் வீடுகளில் வேலை பெற உதவும் அளவுக்குச் சிறிது ஆங்கிலமும் சமையலும் கற்கவும் ஆனால் போதும் என ஆல்காட் கருதினார். இலையைப் பார்த்துக் கற்ற பிள்ளை தாவரநூல் பயிலப் போகவேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. 1907இல் ஆல்காட் மறைந்தார். அப்பள்ளிகளுள் ஊரூர்ப் பள்ளி நிலைத்துப் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரில் இன்றும் நடந்துவருகிறது.

அடையாறு, 1939

அதே அடையாறு வளாகத்துக்கு 1939ஆம் ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் மகன் மாரியோவுடன் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. சங்கத்தின் அந்நாளைய தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில், சில மாதங்கள் தங்கி ஆசிரியருக்குப் பயிற்சி அளித்துத் திரும்புவதே ஏற்பாடு. ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியக் குடிகளாகிய இருவரும் பிரிட்டிஷ் அரசுக்குப் பகைவராயினர். மாரியோ அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு நீங்கலாகாது என ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், பரிசாக, மாரியோவை அரசு விடுவித்தது. போர்க்காலம் முழுவதும் தாயும் மகனும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1946இல் ஐரோப்பா சென்ற அம்மையார் மறு ஆண்டு திரும்பிவந்து 1949வரை பணியாற்றினார். இப்பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றதாகக் கணக்கிடுவர்.

அறிவியல் கல்வியைப் பொறுத்தவரையில் இந்த ஆண்டுகளின் விளைவு மிகப் பெரிது. ஐரோப்பாவில் அவர் புகழ்பெற்றது மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளின் கல்வியால். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பதற்குரிய முழு விடை இந்திய மண்ணிலேயே உருவாயிற்று. 1942 முதல் 1944வரை கோடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அம்மையாரின் துணையுடன் பல வயதுப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு சிறு பள்ளி நடந்தது. மலைச்சரிவின் செடிகளும் பூச்சிகளும் பாறைகளும் பாடமாயின. தாவரநூல், விலங்குநூல், நிலநூல் ஆகியவற்றுக்கான படங்களும் அட்டைகளும் அங்கே உருப்பெற்றன. அக்கருத்துகளைத் தொகுத்த நூல் 1948இல் அடையாறு கலாக்ஷேத்திர வெளியீடாக வந்தது.

அவர் கூறிய முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இது: துண்டு துண்டாகச் செய்திகளைக் கொடுத்துப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்லாதே, முழுமையை முதலில் காட்டு. அண்டத்தின் தோற்றத்தைக் கதையாகச் சொல். பின்னர் ஒவ்வொன்றாக அதனுள் வைத்துக் காட்டு. ஆறுகள் சுண்ணாம்பைக் கடலில் கொண்டு சேர்க்கின்றன. அது மிகுந்தால் கடல்வாழ் உயிர்களுக்குக் கேடு. அந்தச் சுண்ணாம்பை எடுத்துத் தம் ஓட்டையும் உடலையும் கட்டிக்கொள்ளும் பவளம் முதலிய சிற்றுயிர்கள் கடலைத் தூய்மை செய்கின்றன. தம் உணவைத் தேடுவதாக எண்ணியே அவை உலகுக்குப் பணிசெய்கின்றன. இவ்வாறு ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தொழில் உண்டென்பதைப் பிள்ளை உணரும்போது, வேதிநூலும் உயிர்நூலும் நிலநூலும் ஒரே பாடமாகின்றன. மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் கிளிஞ்சல் பொறுக்காத சென்னைப் பிள்ளை உண்டோ? அந்தக் கிளிஞ்சலிலிருந்தே தொடங்கக்கூடிய பாடம் இது. பிற்காலத்தில் மாண்டிசோரி பள்ளிகளில் முதற்கதையாக வழங்கும் 'கைகளில்லாக் கடவுள்' கதையில், ஒவ்வொரு பொருளும் தனக்கு விதிக்கப்பட்ட நியதிக்குக் கீழ்ப்படிவதை எளிய சோதனைகளோடு காட்டுவர். கத்தோலிக்கராகிய அம்மையார் பிரம்மஞானியரின் நிழலில் வாழ்ந்தபோதும் படைப்பைப்பற்றிய இப்பார்வை 104ஆம் சங்கீதத்துக்கு அண்மையது என்றே நாம் கருதுகிறோம். வேறு மூலங்களைக் காண்போரும் உண்டு. அவ்வழக்கை இங்கு நாம் தீர்க்க முற்படவில்லை.

இனி நம் பழைய வினாவுக்கு வருவோம். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மாண்டிசோரி தொடங்கிய முதற்பள்ளி, கூலித்தொழிலாளரின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றிய காந்தியடிகள், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி கிட்டவேண்டும் என்ற தம் நம்பிக்கையை வெளியிட்டார். அவர் ஐயுற்றதற்குக் காரணம் இருந்தது. வழவழப்பாக இழைத்த மரக்கட்டைகளும் பித்தளைப் பொருள்களும் அளவு பிசகாத அட்டைகளும் கொண்ட கருவித் தொகுதிக்கு விலை உண்டு. நீண்ட பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் அதற்கேற்ற ஊதியம் உண்டு. இவ்விரண்டையும் கட்டணமே தாங்கிற்று. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளில் மாண்டிசோரி என்னும் சொல் காலப்போக்கில் வசதியுள்ள குடும்பத்துக் குழந்தை ஆங்கிலம் பேசத் தொடங்கும் இடத்தைக் குறிப்பதாயிற்று. ஊரூர்க் குப்பத்து மீனவர் வீட்டுக்கும் ஓலைக் கொட்டகைக்கும் இடையே நடைதூரமே இருந்தது. கோடைக்கானலில் கனிந்த அந்த அறிவியல் பாடம் அத்தூரத்தைக் கடந்ததாகத் தெரியவில்லை. மயிலாப்பூரில் 1937இல் வி. என். சர்மாவும், ஜெர்மனியில் பிறந்த அவர் துணைவி எல்லன் சர்மாவும் நிறுவிய சில்ரன்ஸ் கார்டன் பள்ளி குழந்தையை மையமாகக் கொண்ட கல்விக்கு மற்றொரு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் தனிப்பள்ளி ஒன்றின் நன்மை அதன் மதிலுக்குள் நிற்கும் இயல்பினது.

மாநகராட்சிப் பள்ளிகள், 2003

ஏழைப் பிள்ளைகள் சென்ற இடம் மாநகராட்சிப் பள்ளி. 1920இல் பி. தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியதை நாடறியும். தியாகராய நகர் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. வயிற்றுக்கு வழி காணப்பட்ட அப்பள்ளிகளில் கண்ணுக்கும் கைக்கும் வழி காண்பதற்கு இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இடைக்காலத்தில் முயற்சியே இல்லை என்பதன்று. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழைத் தமிழில் வெளியிட்டுவருகிறது. 1988இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் திறக்கப்பட்டன. 1987இல் நடுவண் அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்கீழ்த் தொடக்கப்பள்ளிகளுக்கு அறிவியல் கருவிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அப்பெட்டிகளுக்கு நேர்ந்ததை நாமே கண்டிருக்கிறோம். நாம் தாளாளராயிருந்த சேகரமொன்றின் தொடக்கப்பள்ளியில் அப்பெட்டி அலமாரியினுள் பூட்டப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சுற்றப்பட்ட தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. தலைமையாசிரியையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு கண்ணாடி உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவரே. பிள்ளை பார்த்ததற்குப் பதிவேட்டில் பத்தி ஏதும் இல்லை. உடைந்ததற்கு மட்டும் உண்டு.

2003ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். முன்னர் வேலூர் மாவட்ட ஆட்சியராயிருந்தபோது, கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களின் கல்வியில் அவர் ஈடுபட்டிருந்தார். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிக் கல்வி மையம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென வகுத்திருந்த முறையே முன்மாதிரியாயிற்று. மறு ஆண்டில் மாநகராட்சியின் தொடக்கப்பள்ளிகள் 264இலும் அது பரவியது. 2007இல் மாநிலமெங்கும் சென்றது.

அந்நாள்களில் மாநகராட்சிப் பள்ளிக்குள் நுழைந்தவர் ஆசிரியரை உடனே கண்டுகொள்ள இயலாது. நாற்காலி அகற்றப்பட்டிருந்தது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், ஒவ்வொருவரும் எழுதுவதற்குக் கரும்பலகைகள். சுவரில் ஏணிபோல் வரைந்த படம். பிள்ளை தான் முடித்த படியைப் பார்த்து அடுத்த படிக்குரிய சின்னமுள்ள அட்டையைத் தானே எடுத்துவரும். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு தம்முள் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குழு தனித்து என ஆறு வகைக் குழுக்கள். சூழ்நிலையியல், அறிவியல் அட்டைகள் பிள்ளையைப் பள்ளிமுற்றத்துக்கே அனுப்பின. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டபோது, வரலாறு அறிந்தவர்க்கு ஃபிரிஸ்கன் நினைவுக்கு வராதிருக்க இயலாது. எழும்பூரில் செலவைக் குறைக்கப் பிறந்தது, இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிள்ளையின் மதிப்பை உயர்த்தும் வழியாகத் திரும்பி வந்தது. பிரம்புக்கும் அச்சத்துக்கும் அவ்வறையில் இடமில்லாமற் போயிற்று. அதை ஒன்றையே கருதினும் அது பெரும்பணி.

ஆனால் அறிவியலைப் பொறுத்தவரை அதன் குறைகளையும் சொல்லவேண்டும். கணக்கிலும் மொழியிலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம். அறிவியல் அவ்வாறன்று. மூடிய கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவத்தி ஏன் அணைந்தது என்பதற்கு நால்வர் நான்கு காரணம் சொல்லி, ஒருவரையொருவர் மறுத்து, மீண்டும் ஏற்றிப் பார்க்கும்போதே அங்கே அறிவியல் நிகழ்கிறது. அட்டையோ ஒருவனுக்கு எழுதப்பட்டது. அவன் செய்து முடித்து அடுத்த படிக்குப் போய்விடுவான். அவன் வினா எவர் காதிலும் விழுவதில்லை. மேலும் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. புதியவை உரிய காலத்தில் வரவில்லை. பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் நம்பவில்லை. வாடகைக்குக் குடியிருந்த ஏழைகளும் கடன்பட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினர். நம் திருச்சபைகளும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளியைத் தளரவிட்டு ஆங்கிலவழிப் பள்ளியைக் கட்டியெழுப்பியது இதே காலங்களில்தான் என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும். 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையும் புதிய பாடநூல்களும் வந்தபோது செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. ஆணையர் மாறுவார், ஆசிரியர் எஞ்சுவார். ஆசிரியரின் உள்ளத்தில் வேரூன்றாததை ஆணையால் நெடுநாள் காக்க இயலவில்லை.

இக்காலத்துக்குள் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 2005 முதல் நாடெங்கும் கிராமப்புறப் பிள்ளைகளின் கல்விநிலையை அளந்து அறிக்கை வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. அந்த அறிக்கைகள் அளந்தவை வாசிப்பும் எளிய கணக்கும். எத்தனை பிள்ளைகளால் ஒரு பத்தியை வாசிக்க இயலவில்லை என்னும் செய்தி ஆட்சியாளரை உலுக்கியது, உலுக்கியதும் நன்றே. ஆயினும் அளக்கப்படுவதே கற்பிக்கப்படும் என்பதைத் தேர்ச்சி மானியக் காலம் நமக்குக் காட்டியிருக்கிறது. 2020இலும் 2021இலும் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. பாடலும் ஆடலும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்கு வந்தன. ஆல்காட் பள்ளியின் அபிநய விளையாட்டுகளை அறிந்தோர் இதனை வரவேற்பர். ஆனால் பெயரே சொல்வதுபோல் அதன் குறிக்கோள் எண்ணும் எழுத்துமே. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்று கேட்போருக்கு எழும்பூரும் ஊரூரும் விடை சொல்லும்: இரண்டிலும் பிள்ளைகள் வாசிக்கக் கற்றதும் பொருளைக் கையாண்டதும் ஒரே காலத்தில் நடந்தன.

அதே 2022ஆம் ஆண்டு நவம்பரில் வானவில் மன்றம் என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் எளிய கருவிகளோடு அரசுப் பள்ளிகளுக்குச் சென்று, அறிவியல் சோதனைகளையும் கணக்கு விளையாட்டுகளையும் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கின்றனர். வில்லியம் ஸ்மித்தின் கருவிகள் ஒருவாறு திரும்பி வந்திருக்கின்றன. அத்திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ளவர்க்கானது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.